வில்லும் சட்டமும்: யார் ஏந்தலாம் என்ற கேள்வியின் வரலாறு

மனிதன் கண்ட கருவிகளுள் வில் மிகத் தொன்மையானது. வளைந்த மூங்கிற் கழி ஒன்றும் முறுக்கிய நாண் ஒன்றும் சேர்ந்தால் வில் ஆகிவிடுகிறது. அதனைச் செய்யச் சுரங்கம் வேண்டா, பெரும் உலைக்களம் வேண்டா, பொருட்செலவும் வேண்டா. காட்டில் மூங்கில் உள்ளவரையில் ஏழையும் வில் செய்துகொள்ளலாம். வாளும் துப்பாக்கியும் செல்வர்க்கும் அரசர்க்கும் உரிய கருவிகளாக இருந்த காலத்திலும் வில் எளியோர் கருவியாகவே இருந்து வந்தது. இதனாலேயே ஆளுவோர் எக்காலத்தும் இக்கருவியை ஐயத்தோடு நோக்கினர். இதனை யார் வைத்திருக்கலாம், யார் வைத்திருக்கலாகாது என்ற கேள்வி ஒவ்வொரு நாட்டிலும் எழுந்தது. அக்கேள்விக்கு அளிக்கப்பட்ட விடைகளைத் தொகுத்து நோக்கினால், ஒரு சமுதாயம் தன் மக்களுள் யாரை நம்பியது, யாரை நம்பவில்லை என்பது விளங்கும்.

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் வில்லைப் பற்றிய கட்டுரை எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். காரணங்கள் இரண்டு. இன்று வில் வித்தை உலகறிந்த விளையாட்டு. நம் பிள்ளைகளும் அதனை நாடுகின்றனர். அவ்வாறு நாடும் பிள்ளை, தன் வில் சட்டத்தின் முன் எத்தகையது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். அறியாதவனை யாரும் அச்சுறுத்தலாம். அறிந்தவனை அவ்வளவு எளிதாக அச்சுறுத்த இயலாது. இது முதற்காரணம். படைக்கலம் மறுக்கப்பட்ட வரலாறு நம் வரலாற்றின் ஒரு பகுதி என்பது இரண்டாவது காரணம். அதனை நாம் கதையாக மட்டுமே கேட்டிருக்கிறோம், சட்டமாகப் பார்த்ததில்லை.

1. கட்டை விரலின் கதை

ஏகலைவன் கதையை அறியாதார் நம்மிடையே இல்லை. மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் வரும் கதை அது. ஏகலைவன் நிடாதர் தலைவனான இரணியதனுசுவின் மகன். வில் கற்க விரும்பித் துரோணரிடம் செல்கிறான். பிறப்பைக் காட்டி அவர் மறுக்கிறார். காட்டில் அவருடைய மண் உருவத்தைச் செய்து வைத்துத் தானே பயின்று தேர்ச்சி பெறுகிறான். பின்னர் அவனுடைய வலக்கைக் கட்டை விரல் குருதட்சிணையாகக் கேட்கப்படுகிறது. அவனும் அறுத்துக் கொடுக்கிறான்.

இக்கதையில் நாம் பெரும்பாலும் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. ஏகலைவன் குரைத்து வந்த நாய் ஒன்றின் வாயில் அம்புகளைச் செலுத்தி அதன் குரலை அடக்குகிறான். வில்லைப் பயன்படுத்திய முறை பற்றிக் குற்றம் சாட்ட வேண்டுமானால் அதற்கு இடம் இருந்தது. ஆனால் கதையில் எவரும் நாய்க்காக வழக்குரைக்கவில்லை. அருச்சுனனுக்கு நிகரில்லை என்ற வாக்கு பொய்யாகிறதே என்பதே அங்கு எழுந்த முறையீடு. வில்லை எவ்வாறு பயன்படுத்தினாய் என்று ஏகலைவனை ஒருவரும் கேட்கவில்லை. உனக்கு ஏது வில் என்பதே கேள்வியாயிற்று.

இவ்விரு கேள்விகளையும் இளைஞர்கள் பிரித்தறிதல் வேண்டும். முதற்கேள்வி நீதியின் கேள்வி. அது எல்லோரையும் ஒன்றுபோல் கேட்கும். இரண்டாம் கேள்வி பிறப்பின் கேள்வி. அது சிலரை மட்டுமே கேட்கும். வில்லைப் பற்றிய சட்டங்களின் வரலாறு முழுவதும் இவ்விரு கேள்விகளுக்கும் இடையே நடந்த இழுபறியே எனலாம்.

கதை வரலாறு ஆகாது என்பார் உளர். உண்மைதான். ஆனால் கதையில் உள்ள ஏற்பாடு கற்பனை அன்று. படைக்கலம் ஏந்துவது ஒரு வருணத்தின் தொழில் என்று வகுத்த சமுதாயம், ஏனையோர் கையில் அது இருத்தலாகாது என்றும் வகுத்தது. அண்ணல் அம்பேத்கர் 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ நூலில் இதனை ஆராய்ந்துள்ளார். பிற நாடுகளில் ஒடுக்கப்பட்டோர் கிளர்ந்தெழுந்தது போல் இந்நாட்டில் எழாமைக்குக் காரணம், நால்வருண முறை அவர்களிடமிருந்து கல்வியையும் படைக்கலத்தையும் பறித்துக்கொண்டதே என்பது அவர்தம் முடிவு. கல்வியும் படைக்கலமும் ஒருங்கே மறுக்கப்பட்டன என்பதை நினைவிற் கொள்க. இக்கட்டுரையின் இறுதியில் நாம் மீண்டும் இதனைக் காண்போம்.

2. வில் வைத்திருப்பதைக் கடமையாக்கிய நாடு

நம்மை ஆண்ட ஆங்கிலேயரின் நாட்டில் வில்லைப் பற்றிய சட்டம் எவ்வாறு இருந்தது? அங்கே ஒரு காலத்தில் வில் வைத்திராமையே குற்றமாக இருந்தது.

1252ஆம் ஆண்டு ஆணையிலும், 1285ஆம் ஆண்டு வின்செஸ்டர் சட்டத்திலும், குடிமக்கள் தத்தம் பொருள்நிலைக்கேற்பப் படைக்கலம் வைத்திருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. செல்வர் குதிரையும் கவசமும் வைத்திருக்க வேண்டும். எளியோர் வில்லும் அம்பும் வைத்திருக்க வேண்டும். அரசனுடைய காட்டுக்குள் வாழ்வோர்க்கு வேறு வகை அம்பே குறிக்கப்பட்டது. அரசனின் மான்களைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அதிற் புலனாகிறது. 1363இல் மூன்றாம் எட்வர்டு மன்னன், விழா நாட்களில் உடல் வலிமையுடைய ஆடவர் ஏனைய ஆட்டங்களை விடுத்து வில் பயிலுமாறு ஆணையிட்டான். 1346இல் கிரெசியிலும் 1415இல் அஜின்கோர்ட்டிலும் பிரெஞ்சு நாட்டின் குதிரைப் படை வீரரை வீழ்த்தியவர்கள் இவ்வாறு பயின்ற எளிய வில்லாளர்களே.

எட்டாம் ஹென்றி காலத்தில் 1541ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் இன்னும் விரிவானது. 7 வயது முதல் 17 வயது வரையுள்ள சிறுவர்க்குத் தந்தை வில்லும் இரண்டு அம்புகளும் வாங்கித் தர வேண்டும். 17 வயதிற்கு மேல் 60 வயது வரையுள்ளோர் தாமே வில்லும் நான்கு அம்புகளும் வைத்திருக்க வேண்டும். ஊர்தோறும் இலக்கு மேடை அமைத்துப் பயில வேண்டும். 24 வயது நிறைந்தவர் 220 கெஜத்திற்குக் குறைந்த தொலைவில் உள்ள இலக்கின் மேல் எய்தலாகாது.

துப்பாக்கி பரவியபின் இச்சட்டங்கள் பொருளிழந்து நீக்கப்பட்டன. எனினும் ஒன்றை நாம் கருதிப் பார்த்தல் வேண்டும். தன் நாட்டு உழவன் கையில் வில்லைத் திணித்த அதே ஆட்சிமரபுதான், பின்னாளில் நம் நாட்டு உழவன் கையிலிருந்து அதனைப் பறிக்கச் சட்டம் செய்தது. குடிமகனாகக் கருதியவனிடம் வில்லைக் கொடுத்தது. அடிமையாகக் கருதியவனிடமிருந்து எடுத்துக்கொண்டது.

3. 1878ஆம் ஆண்டுச் சட்டம்

1857ஆம் ஆண்டின் கிளர்ச்சிக்குப் பின் ஆங்கில அரசு இந்திய மக்களின் படைக்கலங்களைப் பறிப்பதில் முனைந்தது. அவ்வாண்டிலும் 1860இலும் சட்டங்கள் வந்தன. வைசிராய் லிட்டன் பிரபு காலத்தில், 1878இல், இந்தியப் படைக்கலச் சட்டம் இயற்றப்பட்டது. இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைத்த சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது.

1878ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு படைக்கலம் எது என்று வரையறுத்தது. துப்பாக்கி, துப்பாக்கிமுனைக் கத்தி, வாள், குத்துவாள், ஈட்டி, ஈட்டிமுனை ஆகியவற்றோடு வில்லும் அம்பும் அங்கே பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டன. 13ஆம் பிரிவின்படி உரிமம் இன்றி எவரும் படைக்கலம் தாங்கிச் செல்லலாகாது. வீட்டில் வைத்திருப்பதற்கும் உரிமம் வேண்டும் என்ற பொதுவிதி பீரங்கி, துப்பாக்கி, வெடிமருந்து ஆகியவற்றுக்கே உரியது. ஆனால் குறிப்பிட்ட சில பகுதிகளில் எவ்வகைப் படைக்கலமாயினும் உரிமம் இன்றி வைத்திருத்தல் குற்றம் என 15ஆம் பிரிவு கூறியது. இவ்வாறு, காட்டில் கிழங்கு அகழ்ந்தும் சிறு விலங்கு பிடித்தும் வாழ்ந்த மக்களின் அன்றாடக் கருவி, ஏட்டளவில் பீரங்கியோடு ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டது.

சட்டம் எல்லோர்க்கும் பொதுவாக இருந்ததோ எனின், இல்லை. 27ஆம் பிரிவு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. அதனைக் கொண்டு ஐரோப்பியர்க்கு விலக்கு அளிக்கப்பட்டது. குடகு இனத்தார்க்கும் விலக்கு அளிக்கப்பட்டது. குடகர்க்கும், ஜம்மா என்னும் நிலவுரிமை பெற்றோர்க்கும் துப்பாக்கி உரிமத்திலிருந்து தரப்படும் விலக்கு இன்றும் தொடர்கிறது; 2019ஆம் ஆண்டில் மைய அரசு அதனை 2029 வரை நீட்டித்தது. எஞ்சியோர் மாவட்ட ஆட்சியாளரின் மனம் பார்த்து உரிமம் கேட்க வேண்டியவராயினர். நிலமும் பட்டமும் உடையவன் அவர்முன் சென்று நிற்க முடிந்தது. சேரியிலிருந்து சென்று நிற்கக்கூடியவன் யார்?

இச்சட்டத்தை நாட்டின் தலைவர்கள் கண்டித்தனர். 1931ஆம் ஆண்டு கராச்சிக் காங்கிரசு நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குமுறைக்கு உட்பட்டுப் படைக்கலம் வைத்திருக்கும் உரிமையும் இடம் பெற்றது. ஆனால் அதற்கு முன்பே படைக்கலம் மறுக்கப்பட்டவர்கள் இந்நாட்டில் இருந்தனர் என்பதை அக்கண்டனங்களில் நாம் காண்பதில்லை. வெள்ளையன் பறித்தது சிலருக்குப் புதிய இழப்பு. நமக்கோ அது பழைய இழப்பின்மேல் இடப்பட்ட புதிய முத்திரை.

4. வில்லேந்தி நின்றவர்கள்

பறிப்பதற்கு ஆட்சியாளர் ஏன் முனைந்தனர் என்பதை, வில்லேந்தியோரின் வரலாறு விளக்கும்.

முன்னாளில் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்த வயநாட்டில், குறிச்சியர் என்னும் பழங்குடியினர் வில் வித்தையில் வல்லவர். பழசி அரசரின் போரில் தலைக்கல் சந்து என்பவர் தலைமையில் குறிச்சிய வில்லாளர் 1802இல் பனமரம் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினர். 1805இல் சந்து ஆங்கிலேயரால் கொல்லப்பட்டார். வரிக்கொடுமை தாளாது 1812இல் குறிச்சியர் மீண்டும் எழுந்தனர்.

1855ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் போக்னாடி என்னும் ஊரில் சித்து, கான்கு என்ற உடன்பிறந்தார் தலைமையில் சந்தால் மக்கள் திரண்டனர். கந்துவட்டிக்காரர்க்கும் நிலக்கிழார்க்கும் அவர்க்குத் துணைநின்ற காவலர்க்கும் எதிராக எழுந்த எழுச்சி அது. 1899ஆம் ஆண்டின் இறுதியில் பிர்சா முண்டா தலைமையில் முண்டா மக்கள் எழுந்தனர். 1900 சனவரியில் சயில் ரகப் குன்றில் கூடியிருந்தோர் மீது அரசுப் படை துப்பாக்கிச் சூடு நடத்தியது. அவ்வாண்டு சூன் 9ஆம் நாள் பிர்சா இராஞ்சிச் சிறையில் உயிர் துறந்தார்.

இவ்வீரர்களை நாம் வணங்குகிறோம். ஆயினும் வரலாறு கூறும் மற்றொரு பாடத்தையும் மறைத்தல் கூடாது. துப்பாக்கிக்கு எதிரே வில் வெல்லவில்லை. அவர்கள் சிந்திய குருதிக்குப் பின் நிலைத்தது எது? சந்தால் எழுச்சிக்குப் பின் சந்தால் பர்கானா என்ற தனி மாவட்டம் அமைந்தது. பிர்சாவின் எழுச்சிக்குப் பின் 1908இல் சோட்டா நாகபுரிக் குத்தகைச் சட்டம் வந்தது. பழங்குடியினரின் நிலம் பிறர் கைக்கு மாறுவதை அது தடுத்தது. வில் ஏந்திய கை ஓய்ந்த பின்னும் அவர்களைக் காத்து நின்றது சட்டத்தின் எழுத்தே. அந்த எழுத்தைப் படிக்க இயலாதவனுக்கு அந்தக் காப்பும் முழுமையாகக் கிட்டவில்லை.

5. அண்ணல் காட்டிய வழி

1927 மார்ச்சில் மகாத் நகரில் சவுதார் குளத்து நீரை அருந்திய நம் மக்கள் தாக்கப்பட்டனர். கூடியிருந்தோருள் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் பலர். திருப்பித் தாக்கும் வலிமை அவர்களிடம் இருந்தது. அண்ணலின் ஒரு சொல்லுக்காகக் காத்து நின்றனர். அவரோ அமைதி காக்குமாறு பணித்தார். தாக்கியோர் மீது வழக்குத் தொடுக்கப்பட்டுச் சிலர் தண்டனையும் பெற்றனர். குளத்தின் உரிமை பற்றிய வழக்கு பத்தாண்டுகள் நடந்து 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நம் மக்களுக்குச் சார்பாக முடிந்தது. வலிமை இல்லாதவன் அடங்கியிருப்பது அடிமைத்தனம். வலிமை உடையவன் சட்டத்தின் வழி நிற்பது பொறுப்பு. மகாத்தில் நடந்தது இரண்டாவது.

1948 டிசம்பரில் அரசியல் நிருணய சபையில், படைக்கலம் வைத்திருத்தலை அடிப்படை உரிமையாக்க வேண்டும் என்று எச். வி. காமத் திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தார். அண்ணல் அதனை ஏற்கவில்லை. அயலார் ஆட்சி மக்களைப் படைக்கலமற்றவராக வைத்திருந்த காலத்தில் எழுந்த கோரிக்கை அது. தன்னாட்சி பெற்ற நாட்டில் வற்புறுத்த வேண்டியது தனிமனிதனின் படைக்கல உரிமையை அன்று, நாட்டுக்குத் தேவை வரும்போது படைக்கலம் ஏந்தும் கடமையையே என்ற கருத்தில் அவர் விடை கூறினார். தலைமுறை தலைமுறையாகப் படைக்கலம் மறுக்கப்பட்ட மக்களின் தலைவர் ஏன் இவ்வாறு கூறினார்? கட்டுப்பாடற்ற படைக்கல உரிமை வந்தால் அது யார் கையில் சேரும் என்பதை அவர் அறிவார். பணமும் ஆள்பலமும் உடையவன் கையில்தான் சேரும். 1968இல் கீழவெண்மணியில் 44 உயிர்கள் எரிக்கப்பட்டதை எண்ணிப் பார்ப்போர்க்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு, அமைதியாகவும் படைக்கலம் இன்றியும் கூடும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்குகிறது. ‘படைக்கலம் இன்றி’ என்ற சொற்களை நன்கு மனத்திற் கொள்ளுங்கள். நம் ஊர்வலத்தில் ஒருவர் வில்லேந்தி வந்தால், அழகுக்காகவே ஏந்தி வந்தாலும், அந்தக் கூட்டம் முழுவதும் தன் காப்பை இழக்கும் நிலை வரலாம்.

6. இன்றைய சட்டம்

பழைய சட்டத்தை நீக்கி 1959இல் புதிய படைக்கலச் சட்டம் இயற்றப்பட்டது. அது 1962 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் வரையறையில் வில்லும் அம்பும் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. தாக்குவதற்கோ தற்காப்பிற்கோ படைக்கலமாக அமைக்கப்பட்ட எப்பொருளும் படைக்கலம் என்று பொதுவாகக் கூறி, துப்பாக்கியையும் கூர்மையான கொடிய கருவிகளையும் அதில் அடக்கியது. வீட்டுப் பயனுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே உரிய பொருள்களையும், விளையாட்டுப் பொம்மையாக அன்றி வேறெதற்கும் உதவாதவற்றையும் விலக்கியது.

3ஆம் பிரிவின்படி உரிமம் தேவைப்படுவது துப்பாக்கி வகைகளுக்கும் அவற்றின் வெடிபொருளுக்குமே. துப்பாக்கி அல்லாத பிற படைக்கலங்களுக்கு, மைய அரசு ஒரு பகுதியையும் படைக்கல வகையையும் குறித்து அறிவிக்கை வெளியிட்டால் மட்டுமே அப்பகுதியில் உரிமம் தேவை என 4ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே பொதுநிலையில், பயிற்சிக்கென வில் ஒன்றை வீட்டில் வைத்திருப்பதற்கு உரிமம் வேண்டுவதில்லை. நம் இளைஞர் இதனைத் தெளிவாக அறிதல் வேண்டும்.

ஆனால் வைத்திருத்தல் வேறு, ஏந்திச் செல்லுதல் வேறு, எய்தல் வேறு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சட்டம் உண்டு.

ஊரில் அமைதி குலையும் என அஞ்சப்படும் காலத்தில் படைக்கலம் ஏந்திச் செல்வதைத் தடுத்து ஆணையிடும் அதிகாரம் மாவட்ட நிர்வாகத்திற்கு உண்டு. முன்னர் 144 என்று அறியப்பட்ட அந்தப் பிரிவு, 2024 சூலை முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 163ஆம் பிரிவாக உள்ளது. அவ்வாணை நடப்பில் உள்ளபோது, போட்டிக்குச் செல்லும் மாணவனும் தன் வில்லைப் பையிலிட்டு மூடி, போட்டிக்கான அழைப்புக் கடிதத்தோடும் பயிற்சியாளரோடும், முன்கூட்டியே காவல் நிலையத்தில் தெரிவித்துவிட்டுச் செல்வதே முறை.

எய்து ஒருவரைக் காயப்படுத்தினால், எய்வதற்கோ குத்துவதற்கோ வெட்டுவதற்கோ உரிய கருவியால் விளைத்த காயம் என்று அது கருதப்படும். புதிய தண்டனைச் சட்டத்தின் 118ஆம் பிரிவின்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு; காயம் கொடியதாயின் தண்டனை இன்னும் கடுமையாகும். காயப்படுத்தும் எண்ணம் இல்லாவிடினும், பிறர் உயிருக்கு இடர் விளையுமாறு கவனமின்றி நடத்தலும் குற்றமே. தற்காப்பு உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு. எனினும் தற்காப்புக்குத் தேவையான அளவை மீறித் தீங்கு செய்ய அவ்வுரிமை இடந்தராது.

வேட்டையைப் பற்றிய சட்டம் இன்னும் கடுமையானது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘படைக்கலம்’ என்ற சொல்லின் வரையறையில் வில்லையும் அம்பையும் பெயர் சொல்லியே சேர்த்துள்ளது. சரணாலயத்திற்குள் முன் அனுமதி இன்றி வில்லோடு நுழைதலே குற்றம். மான், மயில், முயல் எனப் பட்டியலில் அடங்கிய எவ்வுயிரையும் வேட்டையாடலாகாது. பொதுவாக 3 ஆண்டு வரை சிறை உண்டு. மயில் போன்ற முதல் அட்டவணை உயிர்களாயின் 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. குற்றத்திற்குப் பயன்பட்ட வில்லும் அரசுடைமை ஆகிவிடும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோர்க்குப் பல உரிமைகளை வழங்கியபோதும் வேட்டை உரிமையை விலக்கியே வைத்தது. “எங்கள் பாட்டன் வேட்டையாடினான்” என்னும் வாதம் இன்று நீதிமன்றத்தில் நில்லாது.

இவற்றோடு நம் மக்கள் அறிய வேண்டிய விதி ஒன்று உண்டு. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995இல் விதிகள் இயற்றப்பட்டன. அவற்றின் 3ஆம் விதி, வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் மாநில அரசு எடுக்க வேண்டிய முன்தடுப்பு நடவடிக்கைகளைக் கூறுகிறது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவர்களின் படைக்கல உரிமங்களை நீக்கி அவற்றை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்தலும், முறைகேடான துப்பாக்கிகளைக் கைப்பற்றுதலும், தேவையெனக் கருதினால் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் உரிமம் வழங்குதலும் அவ்விதியில் அடங்கும். ஏகலைவனின் கட்டை விரலைக் கேட்ட நாட்டில், 1995ஆம் ஆண்டில் இவ்வாறு ஒரு விதி எழுதப்பட்டது சிறிய மாறுதல் அன்று. ஆயினும் விதி தானாக நடவாது. மனு எழுதி, விதியின் எண்ணைக் குறித்துக் கேட்பவன் இருந்தால்தான் அது உயிர்பெறும்.

7. பொறுப்பாகப் பயன்படுத்தல்

உரிமையைப் பேசியபின் பொறுப்பைப் பேசாது விடுதல் முறையன்று. வில் விளையாட்டுக் கருவியானாலும் அம்பு உயிர் குடிக்க வல்லது. ஈர்க்குச்சி அம்பும் குடைக்கம்பி அம்பும் கண்ணைக் குருடாக்க வல்லன என்பதைப் பெற்றோர் நன்கு அறிவர். பயில விரும்பும் நம் பிள்ளைகள் கீழ்க்காணும் ஒழுங்குகளைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

பயிற்சியாளர் இன்றித் தொடங்கலாகாது. தொடக்கத்தில் இழுவிசை குறைந்த வில்லையே கொள்க. 15 அல்லது 20 இராத்தல் இழுவிசை போதும். வலிய வில்லை வலிந்து இழுப்பவன் தோளைக் கெடுத்துக்கொள்வான், இலக்கையும் தவறுவான்.

எய்யுமுன் அம்பில் வெடிப்போ கீறலோ உண்டா என்று பார்க்க வேண்டும். நாணில் இழை பிரிந்துள்ளதா என்றும் பார்க்க வேண்டும். அம்பு கோக்காமல் வெறும் நாணை இழுத்து விடுதல் வில்லை முறித்துவிடும்; எய்பவனையும் காயப்படுத்தும்.

அம்பு கோத்த வில்லை ஒருபோதும் மனிதர் பக்கம் திருப்பலாகாது. வானை நோக்கி எய்தலும் கூடாது. மேலே சென்ற அம்பு எங்கே விழும் என்பதை எய்தவன் அறியான். இலக்கின் பின்னே மண்மேடோ தடுப்போ இருத்தல் வேண்டும். தெருவிலும் வயல்வரப்பிலும் வீட்டு முற்றத்திலும் எய்தல் ஆகாது.

பன்னாட்டுப் போட்டிக் களங்களில் ஒலிக்குறி முறை ஒன்று உண்டு. இருமுறை ஒலித்தால் வில்லாளர் எய்யும் கோட்டிற்கு வருவர். ஒருமுறை ஒலித்தால் எய்யத் தொடங்கலாம். மும்முறை ஒலித்தால் எய்தலை நிறுத்தி அம்புகளை எடுக்கச் செல்லலாம். ஐந்து முறையோ அதற்கு மேலோ ஒலித்தால், எந்நிலையில் இருந்தாலும் உடனே நிறுத்தி அம்பை நாணிலிருந்து எடுத்துவிட வேண்டும். கோட்டைக் கடந்து ஒருவர் சென்றிருக்கும்போது மற்றவர் வில்லைத் தொடவும் கூடாது. இலக்கிலிருந்து அம்பைப் பிடுங்கும்போது பிடுங்குபவரின் பின்னே எவரும் நிற்றலாகாது.

பயிற்சி முடிந்தபின் நாணைக் கழற்றி, சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில், வில்லையும் அம்பையும் வெவ்வேறாகப் பூட்டி வைத்தல் நன்று. குடித்தவன் கையிலும் சினங்கொண்டவன் கையிலும் வில் இருத்தலாகாது. ஊர்ச் சண்டைக்கு வில்லை எடுப்பவன் தன் எதிர்காலத்தை மட்டுமன்றித் தன் தெருவிலுள்ள பிள்ளைகள் அனைவரின் பயிற்சியையும் அழிக்கிறான். ஒருவன் செய்த தவற்றைச் சேரி முழுவதன் மேலும் ஏற்றிக் கூறும் வழக்கம் இந்நாட்டில் இன்னும் ஒழியவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

8. இலக்கு

மறுக்கப்பட்ட கைகளில் வில் மீண்டும் வந்தபோது என்ன நிகழ்ந்தது என்பதையும் காண்போம். இராசத்தானத்தின் பழங்குடிக் குடும்பம் ஒன்றில் பிறந்த லிம்பா ராம், மூங்கில் வில்லில் தொடங்கி, 1988, 1992, 1996 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவிற்காக வில்லேந்தினார். 1991இல் அருச்சுனா விருதும், 2012இல் பத்மசிறீ விருதும் பெற்றார். விருதின் பெயர் அருச்சுனன் பெயர்; பெற்ற கையோ ஏகலைவன் மரபின் கை. இராஞ்சிக்கு அருகே தானி ஓட்டுநர் ஒருவரின் மகளாகப் பிறந்த தீபிகா குமாரி, 2010ஆம் ஆண்டு தில்லிக் காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்றார். இரு கைகளும் இன்றிப் பிறந்த சம்மு-காசுமீரத்துச் சீத்தல் தேவி, காலால் வில்லைப் பற்றி எய்து, 2024ஆம் ஆண்டு பாரிசு பாராலிம்பிக் போட்டியில் கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம் வென்றார். கட்டை விரல் போனால் வில் போயிற்று என்று எண்ணியவர்களுக்கு இப்பெண் விடை கூறிவிட்டார்.

ஒலிம்பிக் களத்தில் 70 மீட்டர் தொலைவில் நிற்கும் இலக்கின் நடுவட்டம் 12.2 சென்டிமீட்டரே. அந்த வட்டம் எய்பவனின் குலத்தைக் கேட்பதில்லை. அவன் மூச்சு அடங்கியிருக்கிறதா, கை நடுங்காமல் இருக்கிறதா என்பதையே கேட்கிறது.

அன்பார்ந்த இளைஞர்களே, அண்ணல் குறித்த இரு பறிப்புகளை இப்போது நினைவு கூர்க. படைக்கலம் பறிக்கப்பட்டது, கல்வியும் பறிக்கப்பட்டது. இன்று வில்லை மீட்டுக்கொள்வது எளிது, கடையில் வாங்கிவிடலாம். ஆனால் சட்டத்தைப் படித்தறியாதவன் கையில் உள்ள வில்லை எந்த நேரமும் எவரும் பறித்துச் செல்லலாம். அவனை வழக்கிலும் சிக்க வைக்கலாம். ஆதலால் கல்வியே முன்னது, வில் பின்னது. இக்கழகம் 25 ஆண்டுகளாகச் செய்துவரும் பணி அந்த முன்னதைச் சார்ந்தது.

இனி, ஊர் தோறும் நம் படிப்பகங்களில் படைக்கலச் சட்டம், வனவிலங்குச் சட்டம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதன் விதிகளும் தமிழில் வாங்கி வைக்கப்படல் வேண்டும். வில் பயில விரும்பும் சிறுவர் சிறுமியரைத் தகுந்த பயிற்சியாளரிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பை உறுப்பினர்கள் ஏற்றல் வேண்டும். பொன்விழா மலரைப் படிப்போர், இவ்விரு பணிகளும் நடந்தனவா என்று நம்மைக் கேட்பார்கள்.